சேஸிஸ் நம்பரை எடுத்து வையுங்கள்

செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில், கீழ் ஓரத்தில் அவ்வப்போது ஒரு குட்டிச் செய்தி வரும். இன்ன கம்பெனி இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது என்று. பங்கு வாங்கி வைத்திருப்பவர்கள் அதை உன்னிப்பாகப் படிப்பார்கள். அதே காரை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர் மட்டும் பக்கத்தைத் திருப்பி கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விடுவார். தன் வண்டியைப் பற்றிய செய்தி என்றே அவருக்குத் தோன்றாது.

2021 செப்டம்பர் 3ஆம் தேதி மாருதி சுசுகி அப்படி ஓர் அறிவிப்பு விட்டது. சியாஸ், எர்டிகா, விட்டாரா ப்ரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 ஆகிய ஐந்து மாடல்களில் 1,81,754 பெட்ரோல் வண்டிகள். 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டில் கோளாறு இருக்கலாம், நவம்பர் முதல் வாரத்திலிருந்து இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: அதுவரை தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்ட வேண்டாம், மின்சார பாகங்களின் மேல் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

சென்னைக்காரர் இதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா? அந்த வருஷம் நவம்பர் 6 ராத்திரி பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. தி.நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர். அதில் எத்தனை எர்டிகா நீந்திப் போயின, அவற்றை ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த எச்சரிக்கை தெரியும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. வண்டி நின்றுபோனவர்கள் மழையைத் திட்டினார்கள், மாநகராட்சியைத் திட்டினார்கள். தன் வண்டியின் பெயரும் தயாரிப்புத் தேதியும் போட்டு இரண்டு மாதம் முன்பே செய்தி வந்திருந்ததை நினைத்தவர்கள் ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருப்பார்கள்.

இப்படித் திரும்ப அழைப்பதற்குப் பெயர் ரீகால். ரீகால் என்றதும் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் கிடையாது. ஒரு பாகம் தப்பாகத் தயாராகிவிட்டது, அல்லது தப்பாகப் பொருத்தப்பட்டுவிட்டது. கம்பெனியே அதை ஒப்புக்கொண்டு, தன் செலவில் சரி செய்து, வண்டியை உங்களிடமே திருப்பிக் கொடுக்கிறது. பெரும்பாலும் காலையில் விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம். வாரண்டி முடிந்திருந்தாலும் காசு கிடையாது. நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் கிடையாது.

இந்தக் கடைசி வரியை எங்கள் சித்தப்பாவிடம் நம்ப வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சித்தப்பா மன்னார்குடிக்காரர். புரோக்கர் மூலமாக ஒரு செகண்ட் ஹேண்ட் செடான் வாங்கினார். கோயம்புத்தூர் ரெஜிஸ்ட்ரேஷன், ஒரே ஓனர், பார்க்க லட்சணமாக இருந்தது. பெயர் மாற்றம் முடிந்தது, மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. பொங்கலுக்குப் போனபோது சும்மா இருக்காமல் ஆர்சியை வாங்கி, அந்தக் கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் பம்ப்புக்கு ரீகால் பாக்கி இருப்பதாகக் காட்டியது.

"ஏண்டா, வண்டி வெண்ணெயாட்டம் ஓடுது. அதுல போய் என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது சித்தப்பா. நிக்கிறப்பதான் தெரியும்."

"நின்னா தள்ளிக்கலாம்."

"பைபாஸ்ல பின்னாடி லாரி வரும்போது நின்னா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சித்தி பதில் சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

பெட்ரோல் பம்ப் விவகாரம் கொஞ்சம் சுவாரசியமானது. டாங்க்கிற்குள் மூழ்கி இருக்கும் அந்தப் பம்ப்பில் பிளாஸ்டிக்கால் ஆன சின்னச் சக்கரம் ஒன்று சுழன்று பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும். அந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சரியாக அமையாவிட்டால் பெட்ரோலை உறிஞ்சி நாளாவட்டத்தில் ஊதும். ஊதினால் உறையில் உரசும். உரசி இறுகினால் சக்கரம் நிற்கும், பெட்ரோல் வராது, ஓடுகிற எஞ்சின் அப்படியே அணைந்துவிடும். சில வருஷங்களுக்கு முன் உலகம் முழுக்கப் பல கம்பெனிகளை இந்தத் தொல்லை ஆட்டிவைத்தது. இந்தியாவிலும் பம்ப்புக்காக ரீகால் மேல் ரீகால். 2020 ஜூலையில் மாருதி, வேகன்-ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 வண்டிகளை அழைத்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டா 65,651, அடுத்த ஆண்டு மறுபடி 77,954. ஓடும்போது எஞ்சின் அணைந்தால் பிரேக்கின் உதவியும் பவர் ஸ்டியரிங்கின் உதவியும் குறைந்துவிடும். தள்ளிக்கொண்டு போகிற விஷயம் இல்லை இது.

சித்தப்பா வண்டிக்கு ஏன் தகவல் வரவில்லை? வந்தது, அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்தியும் கடிதமும் அதனிடம் பதிவான நம்பருக்கும் விலாசத்துக்கும் போகின்றன. வண்டி கை மாறியது ஆர்டிஓவுக்குத் தெரியும். ஷோரூம் கணினிக்கு, யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். புது ஓனர் கம்பெனி சர்வீஸுக்குப் போனால் நம்பர் மாறும். நம் ஊரில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர் கம்பெனி சர்வீஸுக்கா போகிறார்? தெரு முனை மெக்கானிக்கிடம் போகிறார், நானும் அப்படித்தான். அந்த மெக்கானிக் கெட்டிக்காரராகவே இருப்பார். ஆனால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை தயாரான வண்டியில் எந்தப் பாகம் சந்தேகத்துக்குரியது என்பது அவர் காதுக்கு வர வழியே இல்லை.

ஆகவே, கம்பெனி உங்களைத் தேடி வரும் என்று காத்திருக்கக் கூடாது. நீங்கள்தான் கம்பெனியைத் தேடிப் போக வேண்டும். அதற்கு வேண்டியது பதினேழு எழுத்து, எண் கொண்ட சேஸிஸ் நம்பர் ஒன்றுதான்.

ஆர்சி கார்டில் அது இருக்கிறது. டிஜிலாக்கரில் ஆர்சி வைத்திருந்தால் அதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வண்டியிலும் பொறித்திருப்பார்கள்: பானட்டைத் திறந்தால் பின்பக்கத் தகட்டில், சில கார்களில் முன் சீட்டுக்கடியில் கார்ப்பெட்டை விலக்கினால், சிலவற்றில் முன் கண்ணாடியின் கீழ் மூலையில். பைக்கில் ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில். ஆர்டிஓ ஆபீசில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்களே, அதே நம்பர். இந்தியாவில் தயாரான வண்டி என்றால் முதல் எழுத்து பெரும்பாலும் 'எம்' ஆக இருக்கும். மாருதிக்குப் பெரும்பாலும் எம்ஏ3, ஹூண்டாய்க்கு எம்ஏஎல், ராயல் என்ஃபீல்டுக்கு எம்ஈ3 என்று ஆரம்பிக்கும். ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ மூன்று எழுத்துகளும் இதில் வராது. எனவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம், நெட்டையாக ஒரு கோடு தெரிந்தால் அது ஒன்று. இது தெரியாமல் 'ஓ' போட்டுப் பார்த்து "பதிவு இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகப் போனவர்கள் உண்டு.

நம்பர் கையில் வந்ததும் கம்பெனியின் இந்திய இணையதளத்துக்குப் போங்கள். ரீகால் பார்க்கிற இடத்தை முகப்பில் வைக்கக் கம்பெனிகளுக்கு மனசு வருவதில்லை. புது மாடலின் படம் பக்கம் முழுக்க ஓடும், இது அடியில் எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும். மாருதி தளத்தில் 'முக்கியமான வாடிக்கையாளர் தகவல்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒரு தலைப்பு இருக்கும், ரீகால் என்ற சொல்லே கண்ணில் படாது. கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் தன் தளத்தில் ரீகால் பக்கம் ஒன்று வைத்திருக்கிறது. எந்தக் கம்பெனி என்ன அழைத்திருக்கிறது என்பதை அங்கிருந்து பிடிக்கலாம். இணையத்தில் தேடச் சலிப்பாக இருந்தால் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, சேஸிஸ் நம்பரைச் சொல்லி, "இதுக்கு ரீகாலோ சர்வீஸ் கேம்பெயினோ ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டு சொல்லையும் சொல்லுங்கள். சில இடங்களில் ஒன்றைச் சொன்னால் புரியாது, இன்னொன்றைச் சொன்னால் உடனே கணினியைத் தட்டுவார்கள்.

உங்கள் போனுக்கு "ரீகால்" என்று லிங்க் ஏதாவது வந்து, ஓடிபி கேட்டாலோ முன்பணம் கேட்டாலோ அது கம்பெனி இல்லை. நம்பரை நீங்களே போய்ப் போடுவதுதான் பத்திரம்.

இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம் டகாட்டா.

ஏர்பேக் தயாரித்த ஜப்பான் கம்பெனி அது. மோதியவுடன் பையை ஊதச் செய்ய, உள்ளே ஒரு உலோகக் குப்பியில் சின்ன வெடி மருந்து வைப்பார்கள். டகாட்டா அதற்கு அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தியது. விலை மலிவு. ஆனால் வெயில், குளிர், ஈரப்பதம் என்று வருஷக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து உதிர்ந்து போகும். உதிர்ந்த மருந்து வேண்டிய வேகத்தைவிட அதிகமாக எரியும். அப்போது பை விரிவதோடு உலோகக் குப்பியும் வெடித்து, துண்டுகள் ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். சாதாரணமாகச் சிராய்ப்போடு போயிருக்க வேண்டிய மோதலில் ஆட்கள் இறந்தார்கள். உலகம் முழுக்க முப்பது பேருக்கு மேல். அமெரிக்காவில் மட்டும் 19 கம்பெனிகளின் கார்களில் ஏறத்தாழ 6.7 கோடி குப்பிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது.

நமக்கு இதில் முக்கியமானது தட்பவெப்பம். அமெரிக்க அரசு நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, வெப்பமும் ஈரமும் கூடிய ஃபுளோரிடா, ஹவாய், வளைகுடாக் கரை மாநிலங்களை முதல் வரிசையில் வைத்தது. அந்தக் குப்பிகள் அங்கேதான் சீக்கிரம் கெடும் என்பது ஆய்வில் தெரிந்ததால். வருஷம் முழுக்கப் புழுங்குகிற, கடல் காற்று வீசுகிற, வெயிலில் கார் காய்கிற ஊர் என்றால் எனக்கு ஃபுளோரிடா ஞாபகம் வராது. சென்னையும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும்தான் வரும். நம்மைப் போலவே புழுக்கமான மலேசியாவில், சரவாக்கின் சிபு நகரத்தில், 2014 ஜூலையில் பழைய ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். இது முடிந்துபோன கதை என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் பிரான்ஸில் சிட்ரோயன் சி3 ஓட்டிய ஒரு பெண் இதே டகாட்டா குப்பியால் இறந்த பிறகு, அந்த மாடலை ஓட்டவே கூடாது என்ற தடை அந்த நாடு முழுக்க விரிவாக்கப்பட்டது.

இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் மட்டும் இதற்காக ஏறத்தாழ 1.9 லட்சம் கார்களை அழைத்தது. 2017, 2018 என்று அது தொடர்ந்தது. 2019இல் 2003-2006 காலத்து அக்கார்டு கார்கள் 3,669ஐ அழைத்தார்கள். அதாவது பதினைந்து வருஷம் ஆன வண்டிக்கும் ரீகால் உண்டு. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய செடான்களை இன்று ஊரில் யார் வைத்திருக்கிறார்கள்? கார் பழகப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தவர், வாடகைக்கு விடுகிறவர், மூன்று நான்கு கை மாறி மலிவாகப் பிடித்தவர். கம்பெனியின் பதிவேட்டிலிருந்து என்றோ காணாமல் போனவர்கள் இவர்கள். ஆபத்து அதிகம் இருக்கிற வண்டியும் தகவல் போய்ச் சேராத ஆளும் ஒரே இடத்தில் சேர்வதுதான் இதில் உள்ள கொடுமை.

ஜப்பானில் 2018 முதல், அபாயமான டகாட்டா குப்பியை மாற்றாத கார்களுக்குக் கட்டாய வாகனச் சோதனையில் தேர்ச்சி கிடையாது. ஆஸ்திரேலியாவில் அரசே கட்டாய ரீகால் போட்டு, 2020 கடைசிக்குள் முடிக்கச் சொன்னது. நம் ஊரில் பதினைந்து வருஷம் முடிந்து எஃப்சிக்குப் போகும்போது ஹார்ன் அடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று பார்ப்பார்கள். ரீகால் பாக்கி இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அரசின் வாகன் பதிவுக் கணினியில் வண்டியின் சேஸிஸ் நம்பரும் இருக்கிறது, பெரும்பாலும் இன்றைய ஓனரின் மொபைல் நம்பரும் இருக்கிறது. மாசுச் சான்றிதழ் முடிந்தால் செய்தி அனுப்பத் தெரிந்த அமைப்புக்கு, கம்பெனி தருகிற ரீகால் பட்டியலை அதோடு ஒப்பிட்டு ஒரு செய்தி அனுப்புவது பெரிய வித்தையா என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 ஜூலையில் சியாம் தானாக முன்வந்து ஒரு நெறிமுறை வகுத்தது. அதுவரை அதுவும் கிடையாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வாகன உரிமையாளர்கள் போதுமான எண்ணிக்கையில் புகார் செய்தால், அரசு விசாரித்து, கம்பெனியைக் கட்டாயமாக ரீகால் செய்ய வைக்கலாம். அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கார் விற்கிற கம்பெனிக்கு ஒரு கோடி உறைக்கவா போகிறது? ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்த விதி என்பதும் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆனாலும் உங்கள் வண்டியில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து, ஷோரூமில் "எல்லா வண்டிலயும் இப்படித்தான் சார்" என்றால், அதையே அரசின் பரிவாகன் தளத்தின் ரீகால் பகுதியில் புகாராகப் பதியுங்கள். எல்லா வண்டியிலும் இப்படித்தான் என்றால், ரீகாலுக்கு அதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

இதுவரை கார்க்கதையாகவே போய்விட்டது. தமிழ்நாட்டில் ஓடுவதில் பெரும்பகுதி இரு சக்கர வண்டி. பைக்குக்கும் ரீகால் உண்டு என்பதே பலருக்குச் செய்தி. சென்னைக்காரர்களின் செல்லப் பிள்ளையான ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக கிளாசிக், புல்லட், மீட்டியார் மாடல்களில் 2,36,966 வண்டிகளை அழைத்தது. இந்தியாவோடு தாய்லாந்து, மலேசியா, ஆஸ்திரேலியா என்று போன வண்டிகளும் அதில் சேர்த்தி. அதே ஆண்டு டிசம்பரில், பின் பிரேக் பாகம் ஒன்றுக்காக 26,300 கிளாசிக் 350. காருக்கு வருஷம் ஒரு தடவையாவது ஷோரூம் போகிறவர்கள்கூட, பைக்குக்கு இலவச சர்வீஸ் முடிந்த மறுநாளே அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் ராத்திரி தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அடுத்த மாதமே ஒகினாவா 3,215, ப்யூர் ஈவி 2,000, ஓலா 1,441 என்று பேட்டரிச் சோதனைக்காக அடுத்தடுத்து ரீகால் அறிவித்தன. பேட்டரி ரீகால் வந்திருக்கிற வண்டியை, சரி செய்கிறவரை, வீட்டுக்குள்ளும் மாடிப்படிக்கு அடியிலும் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

இனி ஷோரூம் அனுபவம். சித்தப்பாவோடு நானும் போயிருந்தேன். போன் செய்து, பாகம் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் போனோம். கேட்காமல் போனால் "ஆர்டர் போட்டிருக்கு, வந்ததும் கூப்பிடறோம்" என்று திருப்பி அனுப்புவார்கள். சர்வீஸ் அட்வைசர் தம்பி கணினியைப் பார்த்து, "வண்டி வேற பேர்ல இருக்கே சார்" என்றார். ஆர்சியைக் காட்டியதும் பெயரையும் நம்பரையும் மாற்றிக்கொண்டார். எல்லாரும் முதலில் செய்துகொள்ள வேண்டிய காரியம் இதுதான். அடுத்த ரீகால் வந்தால் செய்தி நேரே உங்களுக்கு வரும்.

பிறகு ஆரம்பித்தது படலம். ரீகால் இலவசம், சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி கைக்கு வந்துவிட்டதே! ஏசி கிளீனிங் பண்ணிடலாமா சார், வீல் அலைன்மென்ட் அவுட்டா இருக்கு சார், பிரேக் பேடு தேய்ஞ்சிருக்கு சார், அண்டர்பாடி கோட்டிங் ஆஃபர் போகுது சார். சித்தப்பாவுக்கு முகம் மாறியது. ஓசி என்று கூட்டிவந்து தீட்டப் பார்க்கிறார்கள் என்று என்னை முறைத்தார். நான் சொன்னது ஒரே வார்த்தை: "ரீகால் மட்டும் போதும் தம்பி, ஜாப் கார்டுல அதை மட்டும் எழுதுங்க." அவரும் மறுபேச்சில்லாமல் எழுதிவிட்டார். மற்றதெல்லாம் உண்மையிலேயே தேவையா என்பதை நம் மெக்கானிக்கிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வண்டியை எடுக்கும்போது எந்தப் பாகம் மாற்றியது என்று எழுதி, தொகை பூஜ்யம் என்று போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆர்சி ஃபைலில் போட்டு வைத்தால் விற்கும்போதும் உதவும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சேஸிஸ் நம்பரைக் கேட்டு ரீகால் பாருங்கள். டயரை உதைத்துப் பார்ப்பதைவிட அது பிரயோஜனம்.

எல்லா ரீகாலும் ஒரே அவசரம் இல்லை. பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுவதற்கும் வரும், அது அடுத்த சர்வீஸ் வரை தாங்கும். ஆனால் 2023 ஜனவரியில் மாருதி, ஏர்பேக் கன்ட்ரோலருக்காக 17,362 வண்டிகளை அழைத்தபோது, மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றது. இந்த மாதிரி அறிவிப்பு என்றால் ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். வண்டியை எடுத்துப்போக ஏற்பாடு செய்வீர்களா என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். ஏர்பேக் சமாசாரம் என்றால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளி மெக்கானிக்கைத் தொட விடாதீர்கள், உள்ளே இருப்பது வெடி மருந்து.

ஒரு தடவை சரி செய்தால் கதை முடிந்தது என்றும் இல்லை. டகாட்டா விஷயத்தில், மாற்றிப் பொருத்திய குப்பியே பிறகு மறுபடி அழைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் ஹோண்டா பெட்ரோல் பம்ப்புக்காக 92 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களை அழைத்தபோது, அதில் 2,204 பழைய கார்கள் தனியாக இருந்தன. பழுதுக்காக ஸ்பேர் பார்ட்டாக அதே பம்ப்பை வாங்கிப் போட்டவை அவை. ஆகவே இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற மாதம் இதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கடைசியாக, வண்டியை விற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்று வருஷக்கணக்காகியும் அந்த வண்டிக்கான சர்வீஸ் செய்திகள் உங்கள் போனுக்கே வந்துகொண்டிருக்கும், எரிச்சலில் அழித்துவிடுவீர்கள். அவற்றில் ரீகால் என்று ஒன்று வந்தால் அதை மட்டும் அழிக்காமல், வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் நம்பர் இல்லை என்றால் வண்டியை முடித்துக் கொடுத்த புரோக்கருக்காவது அனுப்புங்கள்.